கிட்டாரின் வயதும் தரமும்

நோர்ட்டன் பிரிட்ஜில் அணையிட்டுத் தடுத்த கெஹெல்கமு ஓயாவின் நீரை மலைச்சரிவில் குழாய் வழியாக இறக்கி, லக்சபான மின்நிலையம் முதன்முதலாக மின்சாரம் பிறப்பித்த அதே 1950ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஃபுல்லர்ட்டன் என்ற பட்டணத்தில், ரேடியோ திருத்தும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர், வீணைக்குரிய குடமோ வயலினுக்குரிய வெற்றுக் கூடோ இல்லாமல், கெட்டிப் பலகையின் மேல் தந்திகளைக் கட்டி, மின்சாரத்தின் துணைகொண்டே உரக்கப் பேசக்கூடிய ஒரு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் மலையில் பிறந்த மின்சாரம் கொழும்புக்கும், தேயிலை ஸ்டோருக்கும், துரைமார் பங்களாவுக்கும் போய், நெடுங்காலம் கழித்தே லயத்து வாசலை எட்டியது. அது எட்டிய பிறகு, அந்தக் கிட்டாரும் கூடவே வந்து சேர்ந்தது.

1970களில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் வளர்த்த ஈழத்துப் பொப்பிசையும், தமிழ்நாட்டிலிருந்து வந்த சினிமாப் பாட்டும் கிட்டாரின் ஓசையை நம் செவிக்கு முன்னரே பழக்கியிருந்தன. இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில், தேர்த் திருவிழாவானாலும், கல்யாண வீடானாலும், நத்தார் கால ஆராதனையானாலும், தப்பு முழங்கிய மண்ணில் லீட் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் கூட முழங்குகின்றன. அவற்றை ஏந்தி நிற்கும் இளைஞரில் பலர் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள். நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், ஒரு கிட்டாருக்குக் கொடுக்கும் விலை குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகும். ஆதலால் அந்த விலைக்கு உரிய வாத்தியம் கைக்கு வருகிறதா என்ற கேள்வியை நான் சாதாரண விஷயமாகக் கருதவில்லை.

பாவித்த கிட்டாரை விற்க வருகிறவர் வழக்கமாக எடுத்துச் சொல்லும் பெருமை அதன் வயதுதான். “அந்தக் காலத்து ஜப்பான் சாமான் தம்பி, இப்ப இந்த மாதிரிச் செய்யிறதே இல்ல” என்பார் ஒருவர். “இன்ன வருஷத்துக்குப் பிறகு வந்த ஃபெண்டர் எல்லாம் குப்பை” என்பார் இன்னொருவர். இவ்விரு வாக்கியங்களிலும் ஓரளவு சரித்திரம் உண்டு; ஆனால் முழு உண்மை இல்லை. ஒரு வாத்தியம் எந்தக் காலத்தில், எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பது அதன் தரத்துக்கு ஒரு சாட்சியம். தீர்ப்பு வழங்க வேண்டியது நம் கையும் காதுமே என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

தேயிலை நாட்டில் வாழும் நமக்கு இந்த நியாயம் புதிதன்று. சனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும் பருவத்தில் டிம்புள்ளைப் பிரதேசத்துத் தேயிலை மணமும் சுவையும் மிகுந்து நிற்கும் என்பது யாவரும் அறிந்ததே. இருந்தும் எந்தச் சுவைஞரும் தோட்டத்தின் பெயரையும் மாதத்தையும் கேட்டுக்கொண்டு விலை சொல்லிவிடுவதில்லை. ஒவ்வொரு இன்வொய்ஸ் தேயிலையையும் தனித்தனியே ஊறவைத்து, சாயத்தின் நிறம் பார்த்து, வாயில் உறிஞ்சி உமிழ்ந்த பிறகே அபிப்பிராயம் கூறுகிறார். நல்ல பருவத்திலும் கருகிய தேயிலை உண்டு. சாதாரணப் பருவத்திலும் டீமேக்கரின் கவனத்தால் சிறந்த தேயிலை உண்டு. கிட்டார் விஷயத்திலும் இந்த ஒழுங்கைக் கைக்கொண்டால் ஏமாற்றம் பெருமளவு குறையும்.

தரத்தை ஆராயுமுன் அதன் இயக்கத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்னும் உறுப்பு இருக்கிறது. அது காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமயிரைப் போல மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளாகும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது; அதனைப் பெருக்கி ஒலியாக்குவது அம்ப்ளிஃபையரின் வேலை. ஆகவே நாதத்தின் பிறப்பிடம் தந்தியும் பிக்கப்பும். கழுத்தின் நேர்மை, ஃபிரெட் என்னும் உலோக மெட்டுகளின் சமநிலை, தந்தி தங்கும் இரு முனைகளின் உறுதி ஆகியவை அந்தத் தந்தி தடையின்றி அதிர்வதற்கு வேண்டிய நிபந்தனைகள். வர்ணமும் பெயர்ப்பலகையும் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டவை.

இனி காலங்களின் கதைக்கு வருவோம். லியோ ஃபெண்டர் 1950இல் வெளியிட்ட கிட்டார் மறு ஆண்டில் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்றது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1965 சனவரியில் அவர் தம் கம்பனியை சீ.பீ.எஸ். என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டார். ‘சீ.பீ.எஸ்ஸுக்கு முன், சீ.பீ.எஸ்ஸுக்குப் பின்’ என்று கிட்டார் உலகம் இன்றும் காலத்தை இரண்டாகப் பிளந்து பேசுவதற்கு மூலகாரணம் அந்த விற்பனையே. புதிய உடைமைக்காரரின் கீழ் உற்பத்தி பெருகியது. பெருகிய வேகத்தில் நுணுக்கம் சிறிது சிறிதாக நழுவியது. மெல்லிய பூச்சுக்குப் பதிலாகத் தடித்த பொலியெஸ்டர் பூச்சு வந்தது. 1971இல் கழுத்தை உடலோடு பிணைக்கும் திருகாணிகள் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. கழுத்து பொருந்தும் குழி தளர்ந்தும், உடற்பலகை கனத்தும் போன கிட்டார்கள் 1970களில் ஏராளமாக வெளிவந்தன. கடைசியில், 1985இல், கம்பனியின் ஊழியர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து அதனை 125 இலட்சம் டொலருக்கு வாங்கி மீட்டார்கள். பழைய தொழிற்சாலை அந்த விற்பனையில் சேராததால், ஜப்பானில் செய்த கிட்டார்களை விற்றே முதல் நாட்களைக் கடத்தினார்கள்.

இந்தச் சரித்திரத்தை மட்டும் படித்தவர், 1965க்குப் பிந்திய ஃபெண்டர் ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிடுவார். ஆனால் 1969ஆம் ஆண்டு வுட்ஸ்டொக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தம் தேசிய கீதத்தை ஓலமாகவும் இடியாகவும் மாற்றி வாசித்துக் கேட்டவரைத் திகைக்க வைத்தது, 1968இல் செய்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரில். பிங்க் ஃப்ளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயோர்க் கடையொன்றில் வாங்கி, தம் புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பலவற்றில் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1969ஆம் ஆண்டுத் தயாரிப்பு; 2019 சூனில் அது ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அந்த விலை பெரும்பாலும் வாசித்தவரின் கீர்த்திக்குக் கொடுத்த விலைதான் என்றாலும், அந்த நாதம் பழிக்கப்பட்ட காலத்தின் மரத்திலிருந்தும் கம்பியிலிருந்தும் எழுந்ததே. அதன் கழுத்தையும் பிக்கப்புகளையும் கில்மோர் பலமுறை மாற்றினார் என்பதும் கவனிக்கத்தக்கது; தொழிற்சாலை விட்ட குறையைத் தேர்ந்த கை நிவர்த்தி செய்யலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

கிப்சன் கம்பனியின் சரித்திரமும் இதனை ஒத்ததே. 1952இல் லெஸ் போல் கிட்டாரும், 1957இல் சேத் லவர் என்ற பொறியாளர் அமைத்த ஹம்பக்கர் பிக்கப் பொருத்திய கிட்டாரும் வந்தன; இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்சாரத்தின் உறுமலை அடக்கிய அந்த அமைப்பு, ஒரு மெய்யான முன்னேற்றம். 1958 முதல் 1960 வரை செய்த, செம்மஞ்சள் வர்ணம் பூசிய லெஸ் போல்கள் இன்று இலட்சக்கணக்கான டொலர் பெறுகின்றன. ஆனால் அக்காலத்தில் அவை போதிய அளவு விற்காமையால் கம்பனியே அவற்றை நிறுத்தி, 1961இல் வடிவத்தையே மாற்றிவிட்டது. 1969க்குப் பிறகு உடைமை கைமாறி, நோர்லின் என்ற நிறுவனத்தின் கீழ் வந்த கிட்டார்களில், பல பலகைகளை அடுக்கி ஒட்டிய உடலையும், மூன்று துண்டு சேர்த்த கழுத்தையும், தலைக்குப் பின்னே புடைத்த மேட்டையும் காணலாம். இவற்றையெல்லாம் தரக்குறைவின் அடையாளமாகச் சொல்வது வழக்கம். ஆயினும் அந்தப் புடைப்பு, பின்னோக்கிச் சாய்ந்த கிப்சன் தலை கழுத்தடியில் முறிந்துபோகும் நெடுநாட் குறைக்கு வைத்த பரிகாரம். பழிக்கப்பட்ட காலத்திலும் புத்தி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 1984இல் கிப்சனின் கலமசூ தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஊரைவிட்டு நகர மனமில்லாத தொழிலாளர் சிலர் மறு ஆண்டே அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கைத்திறன் ஒரு பெயரோடு பிறந்து அந்தப் பெயரோடு மடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

அப்படியானால் பழையவை யாவும் சிறந்தவை என்ற நம்பிக்கை எவ்வாறு வேரூன்றியது? காரணங்கள் பல. முதலாவது, மோசமான பழைய கிட்டார்கள் எப்போதோ உடைந்தும் எறியப்பட்டும் மறைந்துவிட்டன. நல்லவற்றை மட்டும் மனிதர் பேணிக் காத்தனர். ஆகவே எஞ்சியதைக் கொண்டு அக்காலம் முழுவதையும் அளக்கிறோம். இரண்டாவது, அறுபது எழுபது வருஷம் வாசிக்கப்பட்ட வாத்தியத்தை எத்தனையோ கைகள் செப்பனிட்டிருக்கும். மூன்றாவது, மகா வித்துவான்கள் தம் இளமையில் கைக்குக் கிடைத்ததை வாசித்துப் புகழ் பெற்றார்கள். அந்தப் புகழின் ஒளி வாத்தியத்தின் மேலும் விழுந்தது.

ஜப்பானியக் கிட்டார்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பாவித்த ஜப்பானியப் பொருளென்றால் இலங்கையில் தனி மதிப்பு உண்டு, அந்த மதிப்பு கிட்டாருக்கும் தொற்றிக்கொள்கிறது. 1960களில் டெய்ஸ்கோ போன்ற பெயர்களில் வந்தவை பெரும்பாலும் மலிவுச் சரக்கு. 1970களின் தொடக்கத்தில் கிப்சனையும் ஃபெண்டரையும் அப்படியே பிரதி செய்யத் தொடங்கியபோதும், ஒட்டுக் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் திருகாணிக் கழுத்தும், கெட்டிப் பலகை இருக்கவேண்டிய இடத்தில் பிளைவுட்டும் கொண்டவை அநேகம். அந்தத் தசாப்தத்தின் பிற்பாதியில் நிலை தலைகீழாயிற்று. ஐபானெஸ், கிரேக்கோ, டொக்காய் என்ற பெயர்களில் வெளிவந்த உயர்தரப் பிரதிகள் அசலுக்குச் சவால் விட்டன. 1977இல் நோர்லின் கம்பனி, ஐபானெஸ் விற்பனையாளர்மீது தலைப் பகுதியின் வடிவம் குறித்து வழக்கே தொடுத்தது. 1982இல் ஃபெண்டர் தானே ஜப்பானில் கிளை தொடங்கி, மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் தொழிற்சாலையில் கிட்டார் செய்வித்தது. அக்காலத்து அமெரிக்கத் தயாரிப்பை அவை வெட்கமுறச் செய்தன என்றால் மிகையில்லை. ஆகவே ‘அந்தக் காலத்து ஜப்பான்’ என்ற சொற்றொடருக்குள் மிகச் சிறந்ததும் மிகச் சாதாரணமானதும் அடங்கிக் கிடக்கின்றன. எந்த ஆண்டு, எந்த மாதிரி என்று கேட்காமல் அதற்குப் பணம் எண்ணிக் கொடுப்பது புத்திசாலித்தனமாகாது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களின் பிற்பகுதி வரை விரற்பலகைக்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அருகிப்போக, அதன் இடத்தைப் பிடித்தது தென்னிந்திய மலைகளில் வளரும் ஈட்டி மரம். நம் பாட்டன்மார் கப்பலேறி விட்டுவந்த அந்தத் தேசத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நின்ற மரமே, உலகப் புகழ்பெற்ற கிட்டார்களில் விரல் பதியும் பலகையாயிற்று. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேச வணிகத்தில் தடைசெய்யப்பட்டது. 2017இல் ஈட்டி உட்பட அந்த இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பழைய பிரேசில் பலகை அரிதென்பதால் விலை உயர்ந்தது. அரிதானது யாவும் காதுக்கு மேலானது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

கடந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய மாறுதல், கணினி வழிநடத்தும் இயந்திரங்கள் மரம் கடையும் வேலையை மேற்கொண்டதாகும். முன்பு ஒரே வாரத்தில் செய்த இரண்டு கிட்டார்களுக்கிடையே கூடக் கழுத்தின் பருமனும் குழியின் அளவும் வேறுபட்டன. இன்று இந்தோனேசியாவில் செய்து வரும் யமஹா பசிஃபிக்காவோ, ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரோ, அளவில் அநேகமாகப் பிசகுவதில்லை. மிஞ்சும் குறை, மலிவான மின் உறுப்புகளிலும், மெட்டுகளின் ஓரத்தை மெருகிடுவதிலும் காட்டும் சிக்கனத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது திருத்தக்கூடிய குறை. இக்காலத்து மலிவுக் கிட்டார், 1960களின் மலிவுக் கிட்டாரைவிடப் பன்மடங்கு மேலானது என்பதை ஐயமின்றிச் சொல்லலாம்.

கையில் எடுத்த வாத்தியத்தைப் பரீட்சிக்கும் முறை இது. முதலில் உடலின் அடிப்புறத்தைக் கண்ணருகே பிடித்து, கழுத்தின் இரு ஓரங்களையும் தலைவரை நோக்க வேண்டும். இலேசான குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. குழிவைக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம். முறுக்கிப்போன மரத்தைச் சரிசெய்வது பெருஞ்செலவு. அடுத்து ஒவ்வொரு தந்தியையும் முதல் மெட்டிலிருந்து கடைசி மெட்டுவரை ஒன்றுவிடாமல் மீட்டி, எங்கே இரைகிறது, எங்கே நாதம் சட்டென்று சாகிறது என்று கேட்க வேண்டும். பின்னர் திறந்த தந்தியை ஸட்ஜமாகக் கொண்டு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் பிசகின்றி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே சுருதி விலகி, தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை நகர்த்தியும் சேராவிட்டால், அந்தக் கிட்டார் எந்தப் பொற்காலத்தில் பிறந்திருந்தாலும் மேடைக்கு உதவாது. அம்ப்ளிஃபையரில் இணைத்து வொல்யூம் குமிழைத் திருகிக் கரகரப்பைக் கேட்பதும், எல்லாப் பிக்கப்புகளையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வதும் கடைசிப் படி.

மலையகத்துச் சீதோஷ்ணம் இந்தப் பரீட்சையில் ஒரு தனிப் பகுதியைக் கோருகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், மழைமாதங்களில் மூடுபனி வீட்டுக்குள் புகுந்து மரத்தை ஊதவைக்கிறது. சனவரி, பெப்ரவரியில் பகல் வெயிலும் உறைபனி இரவும் அதனை வற்றவைக்கின்றன. கொழும்பில் நேராக இருந்த கழுத்து இங்கே வந்து சில வாரங்களில் வளைவதும், பலகை சுருங்கி மெட்டுகளின் முனை விரலைக் கீறுவதும், தந்திகள் துருவேறுவதும் சகஜம். ஆகவே வாங்கிய அன்றே திருத்த அவசரப்படாமல், வாத்தியம் இந்தக் காற்றுக்குப் பழகிய பின் கழுத்தைச் சீர்செய்வது நலம். ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிட்டார் உறுமினால் அதனை உடனே பழிக்கவும் கூடாது. தந்தியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால், புவித்தொடர்பை முதலில் ஆராய வேண்டும். பழைய லயங்களில் வயரிங் சீராக இல்லாத இடத்தில் இது நாதத்தின் பிரச்சினை மட்டுமன்று, உயிரின் பிரச்சினையும்கூட.

விற்பவர் சொல்லும் ஆண்டு மெய்யா என்று அறியவும் வழி உண்டு. தொடர் எண்ணை மட்டும் நம்பாமல், அனுமதி பெற்று உட்பலகையைத் திறந்தால், அமெரிக்கக் கிட்டார்களில் வொல்யூம் குமிழின் அடியிலுள்ள உறுப்பின் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். 1376633 என்றிருந்தால், 137 செய்தவரைக் குறிக்கும். 66 என்பது 1966ஆம் ஆண்டு. 33 அந்த ஆண்டின் முப்பத்து மூன்றாம் வாரம். ஃபெண்டரில் கழுத்தைக் கழற்றினால் அதன் அடியிலும் திகதி இருப்பது வழக்கம். கிட்டார் அந்த உறுப்பைவிட மூத்ததாக இருக்க முடியாது என்பதால், உறுப்பு ஒரு காலத்தையும் விற்பவர் அதற்கு முந்திய காலத்தையும் கூறினால், ஒன்றில் உறுப்பு மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது கதை பிழையாக இருக்க வேண்டும். உறுப்பு மாறியிருந்தால் சேகரிப்பவருக்கு மதிப்பு குறையும்; வாசிப்பவருக்கு அதனால் நஷ்டம் எதுவுமில்லை. இந்த வித்தியாசத்தை உணர்ந்துகொண்டவரை எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

பழம்பொருள் சேர்ப்பவர் காலத்துக்கு விலை கொடுக்கட்டும்; அது அவருடைய செல்வமும் இன்பமும். மேடையேறி வாசிக்க விரும்பும் நம் பிள்ளைகள் நேரான கழுத்துக்கும், சமமான மெட்டுக்கும், சுருதி பிசகாத தந்திக்கும் விலை கொடுக்கட்டும். கையிருப்பில் பெரும்பகுதியைப் பெயருக்கும் வயதுக்கும் இறைத்துவிட்டு, அம்ப்ளிஃபையரும் நல்ல தந்தியும் இல்லாமல் தவிப்பதைக் காட்டிலும், இக்காலத்து எளிய கிட்டார் ஒன்றை மேற்சொன்ன முறையில் பரீட்சித்து வாங்கி, தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சீர்செய்வித்து, மீதிப் பணத்தைப் பாடம் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கொடுப்பதே மேல். ஹெண்ட்ரிக்ஸும் கில்மோரும் அந்தக் கிட்டார்களை வாங்கியபோது அவை பழம்பொருள்களாக இருக்கவில்லை. கடையில் தொங்கிய புதுக் கிட்டார்கள். வாத்தியத்துக்குப் பெருமை தேடிக் கொடுத்தது அவர்களுடைய சாதகமே. அந்தச் சாதகத்துக்கு ஈடுகொடுக்கும் குறையற்ற கருவி ஒன்றை, அது எந்த ஆண்டில் பிறந்ததாயினும், நியாயமான விலையில் தேர்ந்தெடுக்கும் அறிவு நம் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் உரியது.